பிரம்ம கமலம் என்னும் மெக்சிகோக் கள்ளி

மழைக்காலம் நெருங்கும் மாதங்களில் தமிழ்ச் செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கங்களில் ஆண்டுதோறும் ஒரு படம் வந்துவிடும். தொட்டிச் செடியில் இரவோடு இரவாக மலர்ந்த பெரிய வெள்ளைப் பூ, அதைச் சுற்றி வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும், முன்னால் விளக்கும் ஊதுவத்தியும். இது பிரம்ம கமலம், இமயமலைக்குரியது, பிரம்மாவுக்கு உகந்தது, ஆண்டுக்கு ஒரே முறை பூக்கும், பார்த்தவர் நினைத்தது கைகூடும் என்று செய்தி சொல்லும். ஆண்டுக்கு ஒருமுறை என்பது சில இடங்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றும் நீளும். செடியின் வரலாறு வேறு. இது கள்ளி இனத்தைச் சேர்ந்தது. தெற்கு மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள ஈரக்காடுகள்தாம் இதன் தாயகம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று நான் கருதவில்லை. செடி புதிது, அதற்காகக் கண்விழிக்கும் வழக்கமும் புதிது. அதற்குக் கிடைத்த இடம் மட்டும் மிகப் பழையது. கண்ணுக்கு எட்டாத பூ ஒன்றைப் பற்றிய கதை ஆசியாவின் கரையோர நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அந்தக் கதைக்குரிய இடத்தில் இந்தக் கள்ளி வந்து அமர்ந்தது. எப்படி அமர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கடல் கடந்து கதையும் வழிபாடும் கொண்டுபோன நாகூர் போன்ற ஊர் நல்ல சான்று.

முதலில் செடியைப் பார்ப்போம். இலை என்று நாம் நினைக்கும் பட்டையான பச்சைப் பகுதி உண்மையில் தண்டு. இலையின் வேலையைத் தண்டே செய்கிறது. அதன் ஓரத்தில் பல்வரிசைபோல் உள்ள பள்ளங்கள், மற்றக் கள்ளிகளில் முள் முளைக்கும் கண்கள். மொட்டு அங்கிருந்துதான் வருகிறது; இலையிலிருந்து பூ பிறக்கிறது என்று மக்கள் வியப்பது இதைக் கண்டுதான். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டிகாண்டோல் 1828இல் இதை விவரித்துப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஹாவொர்த் எபிஃபில்லம் என்னும் பேரினத்தில் சேர்த்து, இன்றும் வழங்கும் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம் என்ற பெயரை அமைத்தார். நம் பழைய இலக்கியத்திலேயே கள்ளி வருகிறதே, அப்படியானால் கள்ளி எப்படி அமெரிக்கச் செடியாகும் என்று கேட்கலாம். சங்கப் பாடல்களின் வறண்ட நிலத்தில் நிற்கும் கள்ளி சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகையைச் சேர்ந்தது. ஆமணக்குக் குடும்பத்துச் செடி. கீறினால் பால் வடியும். பிரம்ம கமலத்தின் தண்டைக் கிள்ளினால் பால் வராது, நிறமற்ற நீர்தான் கசியும். வறட்சியைத் தாங்க இரண்டு குடும்பங்களும் தனித்தனியே ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன, உறவு கிடையாது. அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளரும் கள்ளி ஒன்றே ஒன்று உண்டு. ரிப்சாலிஸ் என்னும் அந்தத் தொங்குகள்ளி இலங்கைக் காடுகளிலும் மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் மரக்கிளைகளில் தொற்றி வளர்கிறது. விதிவிலக்கு அதோடு நின்றுவிடுகிறது.

நம் நாட்டுக்கு வந்த வேறொரு கள்ளியின் வரலாறு ஆவணங்களில் துல்லியமாக இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். 1780களின் இறுதியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை இங்கே வளர்த்தால் ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைக்கலாம் என்று நம்பி, சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது தரமான சாயப்பூச்சியின் மட்டமான உறவினம். சாயத் தொழில் எழவில்லை. பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று ஒழித்தது. பின்னர் வேறொரு சப்பாத்திக்கள்ளி வேலியாகவும் புதராகவும் தென் மாவட்டங்களில் பரவி விளைநிலத்தை விழுங்கியது. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியை வரவழைத்து விட்ட பிறகு, சில ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் அதன் பிடியிலிருந்து மீண்டது. அரசுக்கு ஆதாயமோ நட்டமோ தந்த செடி என்பதால் கடிதமும் அறிக்கையும் குவிந்தன. பிரம்ம கமலத்துக்கு அப்படி ஒரு தேவையே எழவில்லை. அது வயலுக்குள் புகவில்லை, வரி தரவில்லை, நம் வீடுகளில் காய் பிடித்து விதை விடுவதும் அரிது. ஒரு சாண் தண்டை ஒடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் போதும். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய கொடுக்கல் வாங்கலை எந்த அலுவலகமும் பதிவு செய்வதில்லை. ஆவணம் இல்லாததை வைத்து ‘ஆதிகாலம் முதல் இங்கே இருந்தது’ என்று முடிவு கட்டுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

நாகூர் நிற்கும் கரையும் அமெரிக்கச் செடிகளுக்குப் புதியதல்ல. வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். இடையே காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துக்கீசியர், 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர். ஒரே நாளில் நடந்து கடக்கக்கூடிய கரையில் இத்தனை கொடிகள் பறந்தன. மிளகாயும் கொய்யாவும் பப்பாளியும் முந்திரியும் ஐரோப்பியக் கப்பல்கள் திறந்த வழியில்தான் தமிழ்நாட்டுக்குள் வந்தன. சமையலறைக்குள் வந்தவற்றை எல்லாரும் அறிவர். சன்னிதிக்குள் நுழைந்தவற்றை நாம் போதுமான அளவு கவனித்ததில்லை. சிவன் கோயில்களில் போற்றி வளர்க்கும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவின் கயானா பகுதியைச் சேர்ந்தது. படமெடுத்த பாம்பின் கீழ் லிங்கம் இருப்பதுபோன்ற அதன் பூவமைப்பு, வந்த மரத்துக்குக் கோயிலில் நிலையான இடம் வாங்கித் தந்தது. இலங்கையில் அதே மரம் புத்தரோடு தொடர்புடைய சால மரமாகக் கொள்ளப்பட்டு விகாரைகளில் நிற்கிறது. கோயில் முற்றத்து ஈழத்தலரியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. மாலைகளில் குவியும் துலுக்கச் சாமந்தியின் தாயகம் மெக்சிகோ. ஆக, அயல் பூவைத் தெய்வத்துக்கு உரியதாக்கிக்கொள்வது இங்கே முன்னரே பழகிய செயல். பிரம்ம கமலம் அந்த வரிசையில் பிந்தி வந்தது. அந்தப் பூவுக்குள் எட்டிப் பார்த்தால், விரிந்த படுக்கைபோல் மகரந்தத் தாள்களும் அதன்மேல் நீண்டு கிடக்கும் வெள்ளைச் சூல்தண்டும் தெரியும். அதைப் பாம்பணையில் துயிலும் பெருமாளாகக் கண்டு ‘அனந்தசயனப் பூ’ என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நாகலிங்கத்தில் சிவனைக் கண்ட அதே கண்தான் இதில் பெருமாளையும் கண்டது.

இதே செடி மற்ற நாடுகளில் என்ன ஆனது என்று பார்த்தால் என் வாதத்தின் முக்கியமான சான்று கிடைக்கிறது. இமயமலையின் உண்மையான பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சாசுரியா. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் பாறைச் சரிவுகளில் பூப்பது, கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் சாத்தப்படுவது, உத்தராகண்டின் மாநில மலர். சமவெளி மக்களில் மிகச் சிலரே அதை நேரில் பார்த்திருப்பார்கள். பெயரைக் கேட்டிருக்கிறோம், பூவைப் பார்த்ததில்லை. அந்த இடைவெளியில் மெக்சிகோக் கள்ளி நுழைந்தது. சீனாவில் நடந்ததும் இதுவே. புத்தர் தோன்றுவது எவ்வளவு அரிது என்று சொல்லப் பௌத்த நூல்கள் உதும்பரப் பூவை உவமையாக்கின. உதும்பரம் நம் அத்தி. அத்தியின் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால் யாரும் காண்பதில்லை. அரிதாய் நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்று நாம் சொல்வதும் அதே கவனிப்பிலிருந்து வந்தது. நூல் சீனா சென்றது, மரம் பேச்சில் மட்டும் நின்றது. பல நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்கக் கள்ளி வந்து சேர்ந்தபோது, ஒரே இரவில் தோன்றி மறையும் அந்தப் பூவுக்கே உதும்பரத்தின் பெயரைச் சூட்டினர். இன்று சீன மொழியில் இச்செடிக்கு தான்ஹுவா என்பதே பெயர். ஜாவாவில் இதன் பெயர் விஜயகுசுமா. நிழற்கூத்துக் கதைகளில் கிருஷ்ணன் கையில் இருந்து இறந்தோரை எழுப்பும் பூ அது. ஜாவா மன்னர் முடிசூட்டுக்காக நூசாகம்பாங்கன் தீவிலிருந்து கொண்டுவந்த பழைய விஜயகுசுமாவோ ஒரு மரம்; நம் வீட்டு வாசல்களில் லச்சகொட்டைக் கீரை என்று வளர்க்கும் மரத்தின் நெருங்கிய உறவு. இலங்கையில் இதைக் கடுபுல் என்கிறார்கள். நாகர்கள் புத்தருக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் பூ என்பது அங்குள்ள நம்பிக்கை. நான்கு நாடுகள், நான்கு கதைகள். இமயத்துச் சாசுரியா, அத்தி, தீவின் மரம் என்று கதைக்குரிய பழைய உரிமையாளர்கள் வெவ்வேறு. புதிதாக வந்து அந்த இடங்களை எல்லாம் நிரப்பிய செடி மட்டும் ஒன்றே.

நாகூரின் தொடர்பு மலாய் நாட்டில் தெளிவாகிறது. அங்கே இதன் பெயர் பகாவலி. குலேபகாவலி என்றதும் தமிழருக்கு 1955இல் டி. ஆர். ராமண்ணா இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த படம் நினைவுக்கு வரும். பார்வை இழந்த அரசனின் கண்ணை மீட்கும் பூவைத் தேடிப் போகும் அந்தக் கதையை 18ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் இஸ்ஸத்துல்லா எழுதினார். பிறகு உருதுவிலும் மேடை நாடகங்களிலும் அது நாடெங்கும் பரவியது. மத்திய இந்தியாவில் அமர்கண்டக் பகுதியில் குல்பகாவலி என்று காட்டுவது இஞ்சிக் குடும்பத்து வெண்மலர் ஒன்றை. கதை கப்பலேறி மலாயா சேர்ந்த பிறகு, பகாவலிப் பூவின் இடம் இந்தக் கள்ளிக்குப் போனது. கதை சென்ற கடலில் நாகூர்க்காரர்கள் முன்பே பழகியிருந்தார்கள். 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் அங்கே ‘சூலியர்’ என்ற பெயரில் குடியேறினர். நாகூரில் அடங்கியுள்ள ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அங்கே ஒரு நாகூர் தர்கா எழுந்தது. டிகாண்டோல் இந்தக் கள்ளிக்குப் பெயரிட்ட அதே 1828இல் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்கா கட்டத் தொடங்கி 1830இல் முடித்தார்கள். நாகூரில் பிறந்த குலாம் காதிர் நாவலர் 1880களில் பினாங்கிலிருந்து வித்தியா விசாரிணி இதழை நடத்தினார். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் பினாங்கில் மலாய் மொழியின் பங்சாவான் நாடகம் உருவாயிற்று. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் அரை நூற்றாண்டுக் காலம் நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்தது. தர்காவும் பத்திரிகையும் நாடகமும் போய்வந்த வழியில் பூவைப் பற்றிய கதை போவதற்குத் தனி முயற்சி எதுவும் வேண்டியதில்லை.

இரவெல்லாம் காத்திருக்கும் பழக்கத்துக்கும் இந்த மண்ணில் முன்மாதிரி உண்டு. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிப்பது ஒருபுறம். நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரியில், சந்தனம் கொண்டுவரும் சந்தனக்கூடு மாலையில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு, இரவு முழுக்க ஊர்ந்து, விடியுமுன் தர்காவை அடைவது மறுபுறம். ஆண்டகையின் அடக்கத்தலத்துக்குச் சந்தனம் பூசும் அந்த நேரத்துக்காக எல்லா மதத்தாரும் திரண்டு நிற்பார்கள். விழித்திருந்து காண்பதே பேறு என்னும் மனம் இங்கே முன்பே பண்பட்டிருந்தது. எட்டு, ஒன்பது மணிக்கு மெல்ல அவிழத் தொடங்கி நள்ளிரவில் முழுக்க விரிந்து விடியலில் தொங்கிவிடும் பூ அந்த மனத்துக்கு இயல்பாகவே பொருந்தியது. செடியின் கணக்கில் அந்த நேரம் பருந்து அந்துப்பூச்சிகளுக்கானது. இருட்டில் பறக்கும் அவற்றுக்குத் தெரியத்தான் வெண்மை, தேடி வரத்தான் மணம்.

எதிர்வாதங்கள் உண்டு. கேரளத்தில் இதை நிஷாகந்தி என்கிறார்கள். திருவனந்தபுரம் கனகக்குன்றில் உள்ள திறந்தவெளி அரங்குக்கும் அந்தப் பெயரே. ஜப்பானியர் நிலவொளியில் தோன்றும் அழகி என்ற பொருளில் கெக்கா பிஜின் என்கிறார்கள். புராணத்தை நாடாமலே பெயர் வைக்க முடிந்திருக்கிறதே, பிறகு காலியிடக் கதை எதற்கு என்று கேட்பது நியாயம். பழைய கதையை ஏற்றாமலும் இப்பூவை நேசிக்கலாம் என்பதை அந்த இரண்டு நாட்டாரும் காட்டுகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பெயர் வெறும் வருணனையாக இருக்கும்போது பூ ரசனைக்குரியதாகிறது. கதை ஏறும்போதுதான் வழிபாட்டுக்குரியதாகிறது. என் விளக்கம் இரண்டாவதற்கே. இன்னொரு சாரார், கொலம்பசுக்கு முன்பே அமெரிக்கத் தொடர்பு இருந்தது, சோமநாதபுரத்து ஹொய்சளச் சிற்பங்களின் கையில் இருப்பது மக்காச்சோளம் என்று வாதிடுகிறார்கள். அந்த வாதத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஏற்றாலும் மக்காச்சோளத்துக்கான சான்று கள்ளிக்குச் சான்றாகாது. பழமை இல்லையென்றால் பூசையும் பொய்தானே என்று கேட்போரிடம் நான் உடன்படவில்லை. நாகலிங்கப் பூ கயானாவிலிருந்து வந்தது என்று தெரிந்தபின் எந்தச் சன்னிதியும் அதை ஒதுக்கவில்லை, ஒதுக்கவும் வேண்டாம். நெஞ்சில் உள்ள பக்திக்குச் செடியின் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் செடிக்கு அது தேவை.

ஏனெனில் தவறான வரலாறு செடியைக் கொல்கிறது. கமலம் என்று நம்பி, தாமரையின் உறவாக நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. ஒரே மாதத்தில் வேர் அழுகும். கள்ளி என்று தெரிந்தவர்களில் சிலர் பாலைவனச் செடியாக நினைத்து மொட்டை மாடி வெயிலில் வறுமண்ணில் நிறுத்துகிறார்கள். தண்டு மஞ்சளாகிச் சுருங்கும். இமயத்துப் பூ என்று நம்பிக் குளிருக்கு ஏங்குவோரும் உண்டு. மூன்றும் பிழை. இது காட்டு மரங்களின் கிளைச் சந்துகளில், அங்கே படிந்த இலைமட்கில் வேர்விட்டு வாழும் தொற்றுச்செடி. அந்தப் பிறப்பிடத்தை மனத்தில் வைத்தால் வளர்ப்பு முறை தானே வரும். உச்சி வெயில் படாத, மரநிழல்போல் சல்லடையாக ஒளி விழும் இடம் வேண்டும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் தாழ்வாரம் மிக நன்று. தண்ணீர் தேங்காத கலவை வேண்டும்: தேங்காய்மட்டைத் துண்டு, இலைமட்கு, கரித்துண்டு, உடைத்த செங்கல், கொஞ்சம் ஆற்றுமணல், ஒரு பங்கு மட்கிய தொழு உரம். மேல்மண் விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். தொட்டி சிறிதாக, வேர் நெருங்கி நிறைந்திருந்தால் பூ நன்றாகப் பிடிக்கும். ஆண்டுதோறும் பெரிய தொட்டிக்கு மாற்றுவது வீண். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் தண்டு கொழுக்கும், மொட்டு வராது. ஓர் ஆளைவிட உயரமாக நீளும் தண்டுகளைச் சாய்த்துக் கட்டக் கொம்போ சட்டமோ வேண்டும். புதுச் செடிக்கு முற்றிய தண்டில் ஒரு சாண் வெட்டி, நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் நன்கு காய்ந்தபின் இரண்டு விரல் ஆழம் நட்டால் வேர்விடும்; பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். மொட்டு தலைகாட்டியதிலிருந்து மலர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். இந்த நாட்களில் தொட்டியை இடம் மாற்றக் கூடாது, மொட்டு உதிரும். நன்கு வளர்ந்த செடி ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறைகூடப் பூக்கும். பன்னிரண்டு ஆண்டு எண்ணிக் காத்திருக்கத் தேவையில்லை.

நாகூர் இருக்கும் டெல்டாவுக்கென்று தனி எச்சரிக்கைகள் உண்டு. காவிரி தந்த வண்டலும் களிமண்ணும் நெல்லுக்கு அமுதம். இந்தக் கள்ளிக்கு நஞ்சு. வயல்மண்ணைத் தொட்டியில் நிரப்பி நட்டால் மழைக்காலத்தில் அது சேறாகி வேரை மூச்சுத்திணற வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தொட்டியை மழை நேரே விழாத தாழ்வாரத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் புயல் நாட்களில் கட்டாயம். வெட்டாறு கடலில் சேரும் நாகூரில் நிலத்தடி நீர் உப்பாக உள்ள தெருக்கள் பல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையோரம் அந்தக் கவலை கூடியது. உப்புநீர் ஊற்றினால் கலவையில் உப்பு படிந்து வேர் நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே நல்லது. முடியாத வீடுகளில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் தொட்டியை அடிவரை அலசி வடியவிடலாம். தண்டின் பள்ளங்களில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பினால் ஈரத்துணியால் துடைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் கட்டுப்படும்.

இதன் வரலாற்றில் எஞ்சியிருக்கும் பெரும்பகுதி நம் வீடுகளில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் செடியின் தண்டை முதலில் யார் கொடுத்தார், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார், பினாங்கிலிருந்தா, கண்டியிலிருந்தா, திருவனந்தபுரத்திலிருந்தா என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஆண்டோடு எழுதி வையுங்கள். அடுத்தவருக்குத் தண்டு ஒடித்துக் கொடுக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.